பெற்றோரின் விசிட் விசாவை நீட்டிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய குடும்பங்கள் ஏராளம். மகளுக்குப் பிரசவம் என்றதும் கோயம்புத்தூரிலோ கொச்சி நெடும்பாசேரியிலோ விமானம் ஏறிப் போகும் பெற்றோர், திரும்பும் நாள் நெருங்கும்போது "இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறோமே" என்கிறார்கள். அந்த ஆசை நியாயமானது. ஆனால் அதற்கான காகித வேலையில் செய்யும் பிழை, பேரக்குழந்தையை மறுபடி பார்க்கவே முடியாமல் ஆக்கிவிடும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் தவறு, அமெரிக்க விசாவில் உள்ள தேதியைத் தங்கும் தேதி என்று நினைப்பது. பாஸ்போர்ட்டில் பத்து வருட விசா ஒட்டியிருக்கலாம். அது அந்த நாட்டின் வாசல்வரை போவதற்குத்தான். எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்கும் இடத்தில் இமிகிரேஷன் அதிகாரி தீர்மானிப்பார். பெரும்பாலும் ஆறு மாதம். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். போய்ச் சேர்ந்த வாரமே இணையத்தில் அதை எடுத்துப் பாருங்கள். நம்மவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும்; முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்ற மூன்று எழுத்து நிற்கும். விசாவில் உள்ளபடியே அதையும் சேர்த்துத் தேடாவிட்டால் பதிவு கிடைக்காமல் போகலாம். உடனே பதிவே இல்லை என்று பதற வேண்டாம்.

அடுத்தது தாமதம். நீட்டிப்புக்கான ஐ-539 படிவம், ஐ-94 தேதி முடிவதற்குள் அமெரிக்கக் குடியேற்றத் துறையின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். குறைந்தது 45 நாள் முன்பே அனுப்பும்படி அந்தத் துறையே சொல்கிறது. கட்டணம் தவறினால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும்; திரும்பி வந்தது போட்டதாகக் கணக்கில் வராது. கடைசி வாரத்தில் அனுப்புகிறவர்கள் அடிபடுவது இங்கேதான். காலத்தில் போட்டுவிட்டால், முடிவு வரும்வரை பொதுவாக அங்கேயே காத்திருக்கலாம். அதற்காக ரசீதையே அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மறுப்பு வந்தால் உடனே கிளம்ப வேண்டும். அனுமதியின்றி 180 நாளுக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பினால் மூன்று வருடம், ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்தால் பத்து வருடம் உள்ளே நுழையத் தடை. எழுபது வயது அம்மாவுக்குப் பத்து வருடம் என்றால் என்ன என்பதை யோசித்துப் பாருங்கள்.

விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "இன்னும் ஆறு மாதம் வேண்டும்" என்று மொட்டையாக எழுதுவது போதாது. எதற்காக, எந்தத் தேதிவரை, செலவு யார் பொறுப்பு, ஊருக்குத் திரும்பி வருவதற்கு என்ன பிடிப்பு இருக்கிறது என்ற நான்கும் உண்மையாக, தெளிவாக இருக்க வேண்டும். சிகிச்சை காரணம் என்றால் டாக்டரின் கடிதம் வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதை மட்டும் எழுதினால், ஆயா வேலைக்கு வந்தவரோ என்ற சந்தேகம் எழ இடம் கொடுத்ததாகிவிடும்.

ஊர்ப் பிடிப்புக்கு நம்மிடம் இருப்பது தென்னந்தோப்பும் வீடும். அதற்கான வில்லேஜ் ஆபீஸ் நிலவரி ரசீது மலையாளத்தில் இருக்கும். அதை அப்படியே இணைத்தால் பயனில்லை. முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் தனக்கு இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும். ஆந்திரத்தின் சித்தூர், நகரிப் பக்கத்துத் தமிழர்களின் தெலுங்குப் பத்திரங்களுக்கும் இதே விதிதான். கிளம்பும் முன்பே இங்கே செய்து வைத்துக்கொள்வது நல்லது.

அப்பா பெயரில் மட்டும் விண்ணப்பம் போட்டால் அம்மாவுக்கும் சேர்த்து நீட்டிப்பு வந்துவிடாது. ஒரே விண்ணப்பத்தில் அவரையும் சேர்ப்பதென்றால் அதற்கு ஐ-539ஏ படிவம் தனியாக உண்டு. கேட்கும் காலம் முழுவதும் இருவர் பாஸ்போர்ட்டும் செல்லுபடியாக வேண்டும். பயணக் காப்பீட்டையும் பழையது முடிவதற்குள் நீட்டிக்க வேண்டும். அங்கே ஆஸ்பத்திரிச் செலவைக் கைக்காசில் தாங்க முடியாது.

வளைகுடா கதை வேறு. துபாய்க்கு விசிட்டில் போய் வேலை தேடும் நம் பையன்கள், விசாவை நீட்டினால் வேலையும் பார்க்கலாம் என்று நம்புகிறார்கள். அது சட்டவிரோதம், பிடிபட்டால் பையனும் மாட்டுவான், முதலாளியும் மாட்டுவார். நாள் கடந்தால் தினம் 50 திர்ஹாம் அபராதம். விசா எடுத்துக் கொடுத்த டிராவல்ஸே தலைமறைவு என்று புகார் கொடுப்பதும் உண்டு. எனவே தேதியை ஏஜெண்ட் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

பிரிட்டனில் பார்வையாளருக்குப் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் நீட்டிப்பு இல்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாள்தான். உடல்நிலை போன்ற தவிர்க்க முடியாத காரணம் இல்லாமல் அதை நீட்டுவதில்லை.

அமெரிக்க விண்ணப்பத்துக்கு முடிவு வருவதற்குள் ஊர் திரும்புகிறவர்கள், ஐ-539 ரசீதையும் போர்டிங் பாஸையும் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முறை போகும்போது, ஐ-94 தேதி தாண்டி ஏன் இருந்தீர்கள் என்று கேட்டால், காலத்தில் விண்ணப்பித்ததற்கு அந்த ரசீதுதான் சாட்சி.