ஃபிரிட்ஜ் ஃபேன் மோட்டாரை மாற்றும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃப்ரீசரில் ஐஸ் கல்லாக இருக்கிறது, ஆனால் கீழ்த்தட்டில் வைத்த பால் கெட்டுப்போகிறது. இப்படி நடந்தால் ஃபேன் மேல் சந்தேகம் வருவது நியாயம்தான். ஐஸ் தானாகவே கரையும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் குளிர் உண்டாவது ஃப்ரீசரின் பின்பக்கப் பேனலுக்குள் இருக்கும் காயிலில். அந்தக் குளிரைக் கீழ்ப்பகுதி வரை தள்ளுவது ஒரு சின்ன ஃபேன். ஆனால் சந்தேகம் வந்ததுமே புது மோட்டார் வாங்கிவிடுகிறார்கள் பாருங்கள், பணம் வீணாவது அங்கேதான்.

கதவைத் திறந்து பார்த்து, “ஃபேன் சுற்றவில்லை” என்று முடிவு கட்டுவது அதில் முதல் தவறு. பல மாடல்களில் கதவு திறந்தாலே ஃபேன் நின்றுவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கதவோரத்தில் உள்ள ஸ்விட்சை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். அப்போதும் சத்தம் இல்லையென்றால் கம்ப்ரசர் ஓடுகிறதா என்று பாருங்கள். அது ஓய்வில் இருக்கும்போதும், டீஃப்ராஸ்ட் (காயிலில் படிந்த ஐஸை ஃபிரிட்ஜ் தானே கரைப்பது) நடக்கும்போதும் பொதுவாக ஃபேனும் ஓடாது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இன்னொன்று, எந்த ஃபேன் என்ற குழப்பம். சில ஃபிரிட்ஜ்களில் பின்னால், கம்ப்ரசர் பக்கத்திலும் ஒன்று இருக்கும். அது நின்றால் கம்ப்ரசர் அதிகமாகச் சூடாகும், மேலே கீழே இரண்டு இடத்திலும் கூலிங் குறையும். அதை மாற்றும் முன் தூசியைச் சுத்தம் செய்து பாருங்கள். நூலோ முடியோ சுற்றிக்கொண்டு நின்றுபோன ஃபேன்கள் ஏராளம். கையால் ஐஸ் கரைக்க வேண்டிய பழைய பாணி ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் பெரும்பாலும் ஃபேனே கிடையாது!

அடுத்தது ஐஸ். மோட்டார் மேல் விழும் பழியில் பெரும்பங்கு இதற்குத்தான் சேரவேண்டும். கடகடவென்று சத்தம் வந்தால் பலரும் பேரிங் போய்விட்டது என்கிறார்கள். பேனலைக் கழற்றினால் காயில் முழுக்க வெள்ளையாக ஐஸ் மூடி, ஃபேன் றெக்கை அதில் உரசிக்கொண்டிருக்கும். டீஃப்ராஸ்ட் ஹீட்டரோ அதன் சென்சாரோ வேலை செய்யவில்லை, அல்லது தண்ணீர் வெளியேறும் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே புது மோட்டார் போட்டாலும் கொஞ்ச நாளில் அதே கதைதான்.

அந்த ஐஸைக் கத்தியால் குத்துவதைப்போல் ஆபத்தான வேலை வேறில்லை. காயிலில் ஊசி அளவு ஓட்டை விழுந்தாலும் கேஸ் வெளியேறிவிடும், அப்புறம் செலவு மோட்டாரோடு நிற்காது. புதிய ஃபிரிட்ஜ்களில் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ என்ற கேஸ், எளிதில் தீப்பற்றும். பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்து வைத்து, கீழே துணி விரித்துவிட்டு அதுவாகக் கரையட்டும் என்று விடுங்கள். ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை.

இனி மோட்டாரையே சோதிக்க மல்டிமீட்டர், அதாவது வோல்ட், ஓம்ஸ் அளக்கும் கருவி. வயர் இரண்டே இருந்தால் அது பெரும்பாலும் ஏசி மோட்டார். பிளக்கைக் கழற்றிவிட்டு, கனெக்டரையும் பிரித்து, ஓம்ஸ் (மின்தடை) பாருங்கள். மீட்டர் எதுவும் காட்டாமல் ஓபன் என்றால் வைண்டிங் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பி) அறுந்திருக்கிறது. ஓம்ஸ் காட்டுகிறது என்பதால் மோட்டார் நல்லது என்று ஆகிவிடாது. றெக்கையைக் கையால் சுழற்றுங்கள், இறுக்கமாக இருந்தால் பேரிங் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதில் எண்ணெய் விட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், ஃப்ரீசர் குளிரில் சாதாரண எண்ணெய் கெட்டியாகிவிடும்.

மூன்று, நான்கு வயர்கள் இருந்தால் பொதுவாக டிசி மோட்டார். பெரும்பாலும் 12 வோல்ட். உள்ளேயே சின்னச் சர்க்யூட் இருப்பதால் ஓம்ஸ் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. இதை வீட்டுக் கரண்டில் நேரடியாகக் கொடுத்து ‘டெஸ்ட்’ செய்தால் நல்ல மோட்டாரும் அந்த நொடியே புகைந்துவிடும். நான்கு வயர் மோட்டாரில் 12 வோல்ட் வந்தும் சுற்றவில்லை என்றால்கூட முழுப்பழியும் மோட்டாருக்கு இல்லை, ஃபிரிட்ஜைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் போர்டிலிருந்து வேகத்துக்கான சிக்னல் வராமலும் இருக்கலாம். கரண்ட் இருக்கும்போது அளப்பதற்குக் கை பழகாதவர்கள் இந்தக் கட்டத்தில் மெக்கானிக்கைக் கூப்பிடுவதே நல்லது.

மோட்டார்தான் என்று உறுதியானால், பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று வாங்காதீர்கள். வோல்ட், வாட், றெக்கை மாட்டும் தண்டான ஷாஃப்டின் நீளமும் தடிமனும், சுற்றும் திசை எல்லாம் பொருந்த வேண்டும். திசை மாறினால் ஃபேன் ஓடும், காற்று போக வேண்டிய பக்கம் போகாது. ஃபிரிட்ஜ் உள்ளே ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் காட்டிக் கேட்பதே சரி.

கழற்றும்போது ஜில்லென்றிருக்கும் றெக்கையைப் பிடித்து இழுத்தால் பிளாஸ்டிக் பட்டென்று உடையும், சூடு ஏறட்டும். றெக்கை ஷாஃப்டில் எவ்வளவு ஆழத்தில் மாட்டியிருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய மோட்டாரில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்களைப் புதியதில் மாட்ட மறந்துவிட்டால் புதுசும் சத்தம் போடும். வயர் இணைப்பில் வெறும் டேப் சுற்றினால் ஈரத்தில் கழன்றுவிடும், சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். பேனலுக்குப் பின்னால் உள்ள தெர்மோகோலைத் தூக்கி எறியாதீர்கள், காற்று போகும் பாதையே அதுதான்.

மாட்டி முடித்ததும் அரை மணியில் கூலிங் வரவில்லையே என்று மறுபடி திறக்க வேண்டாம். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, கீழ்ப்பகுதி 4 டிகிரிக்கும் ஃப்ரீசர் மைனஸ் 18க்கும் வந்திருக்கிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.