பாப் பரிசோதனை முடிவு ‘அசாதாரணம்’ என்று வந்தால் அடுத்து என்ன?

சுகவனிதையர் கிளினிக்கில் 35 அல்லது 45 வயதில் எடுத்த பாப் பரிசோதனை, அதாவது கருப்பைக் கழுத்தின் கலங்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, ‘அசாதாரணம்’ என்று வந்தால், அது புற்றுநோய் என்பதல்ல. கருப்பைக் கழுத்தின் கலங்களில் மாற்றம் இருக்கிறது, கிட்ட வைத்துப் பார்க்கவேண்டும் என்பதே பொருள்.

முதலில் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும் சொல்லைப் பாருங்கள். ‘போதாத மாதிரி’ என்றால் கலங்கள் போதவில்லை. சில மாதங்களுக்குள் திரும்ப எடுப்பார்கள். ஏ.எஸ்.சி.யூ.எஸ். என்றால் மாற்றம் மெல்லியது, நிச்சயமில்லாதது, எச்.பி.வி. (கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ்) பரிசோதனையோ மறு பாப் பரிசோதனையோ செய்வார்கள். எச்.எஸ்.ஐ.எல். என்றால் மாற்றம் கடுமையானது, இன்னொரு பாப் எடுத்துக் காலத்தைக் கடத்தக்கூடாது. அந்த மறு பாப் சரியென்று வந்தாலும் முதல் முடிவு அழியாது. நேரே கொல்போஸ்கோப்பிக்குத்தான், அதாவது கருப்பைக் கழுத்தைப் பெருப்பித்துப் பார்க்கும் பரிசோதனைக்குத்தான், போகவேண்டும்.

ரிப்போர்ட்டையும் கிளினிக் துண்டையும் எடுத்துக்கொண்டு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடமோ போங்கள். பெண்நோயியல் கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள். மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கமிருந்து திருகோணமலைக்கு வருவோர் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டே புறப்படுங்கள். பஸ் ஏறி வந்து சும்மா திரும்பினால் அடுத்த முறை வர மனம் வராது.

கொல்போஸ்கோப்பிக்கு மாதவிடாய் இல்லாத நாளாகப் பார்த்துத் திகதி எடுங்கள். அதற்கு முன் இரண்டு நாள் உடலுறவு, உள்ளே வைக்கும் மருந்து, உட்புறம் கழுவுதல் வேண்டாம். கர்ப்பம், அயடீன் ஒவ்வாமை, இரத்தத்தை ஐதாக்கும் மாத்திரை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கொல்போஸ்கோப்பியில், பாப் எடுத்தபோது போல, யோனியை விரிக்கும் கருவியை மட்டும் உள்ளே வைப்பார்கள்; பார்க்கும் கருவி உடம்புக்குள் போகாது. வெளியே நின்று பெருப்பித்துக் காட்டும். கருப்பைக் கழுத்தில் 3 முதல் 5 வீத அசற்றிக் அமிலம், அதாவது வினாகிரியில் உள்ள அதே பொருள், தடவுவார்கள். மாறிய இடம் கொஞ்ச நேரத்தில் வெண்மையாகும். பின் அயடீன், நல்ல இடம் கபில நிறமாகும், மாறிய இடம் பெரும்பாலும் மஞ்சளாகவே நிற்கும். சந்தேகமான இடத்தில் அரிசி மணியளவு சதை எடுப்பார்கள். கிள்ளியதுபோல் வலிக்கும். பிறகு ஓரிரு நாள் கோப்பித்தூள் போலக் கசிவது இரத்தத்தை நிறுத்தப் பூசிய மருந்தாலேயே, பயப்படவேண்டாம். ஒரு மணித்தியாலத்தில் ஒரு பாட் நனைந்தாலோ, காய்ச்சலோ கெட்ட மணமோ வந்தாலோ உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

சதைப் பரிசோதனை முடிவை வாங்காமல் விடுவதுதான் பெரும் ஆபத்து. நோவில்லை என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள்; இந்த மாற்றம் நோவே தராது. முடிவில் சி.ஐ.என். என்பது புற்றுநோய்க்கு முந்திய கல மாற்றம், 1 முதல் 3 வரை அதன் தரம். சி.ஐ.என். 1 பெரும்பாலும் தானாகக் குணமாகும், கண்காணித்தால் போதும். சி.ஐ.என். 2, 3 என்றால் பெரும்பாலும் மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுப்பார்கள்; விறைக்க ஊசி போட்டாலே போதும், கருப்பை அப்படியே இருக்கும். அதன்பின் நான்கு கிழமை உடலுறவு வேண்டாம். சுமார் ஆறு மாதத்தில் மறுபரிசோதனை. அந்தத் திகதியைத் துண்டில் எழுதி வாங்கிக்கொண்டுதான் கிளினிக்கை விட்டு வெளியே வாருங்கள்.