நெட் வரலன்னா மொதல்ல பாக்ஸ்ல லைட்டைப் பாருங்க

நெட் போச்சுன்னா நெறைய பேர் செய்யறது, பாக்ஸ் (மோடம், ரவுட்டர்னு சொல்றது) பின்னாடி இருக்கற குட்டி ஓட்டைல ஊசிய விட்டு அமுக்கறது. தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. அது ரீசெட், ரீஸ்டார்ட் இல்ல. கனெக்‌ஷனோட யூசர்நேம், பாஸ்வேர்டு, வைஃபை பேரு எல்லாம் அழிஞ்சிடும், அப்புறம் ஆள் வந்து மறுபடி போட்டுக் குடுக்கற வரைக்கும் காத்துக் கெடக்கணும்.

ஃபைபர் லைன்னா பாக்ஸ் முன்னாடி எல்ஓஎஸ்னு (LOS) ஒரு லைட், லைன் கனெக்ட் ஆயிருக்கான்னு காட்டற பிஓஎன்னு (PON) ஒரு லைட் இருக்கும். எல்ஓஎஸ் செவப்பா மின்னுதுன்னா கம்பெனிலேருந்து வர்ற சிக்னலே பாக்ஸுக்கு வந்து சேரலன்னு அர்த்தம். அப்ப ஃபோனையோ வைஃபையையோ நோண்டி பிரயோஜனமே இல்ல. ஆனா கம்ப்ளைன்ட் குடுக்கறதுக்கு முன்னாடி பாக்ஸ்லேருந்து போற மெல்லிசு வயரை, பேட்ச் கார்டும்பாங்க, கையாலயே தடவிக்கிட்டு கடைசி வரைக்கும் போங்க. உள்ள இருக்கறது முடி தண்டி கண்ணாடி இழை, மடங்குனா அவ்ளோதான். எங்க வீட்ல ரெண்டு நாள் நெட் இல்லாம கஸ்டமர் கேருக்கு ஃபோன் மேல ஃபோன் போட்டு, கடைசில டார்ச் அடிச்சு குனிஞ்சு பாத்தா, பெருக்கறதுக்காக நகத்துன பீரோ காலுக்கும் சுவத்துக்கும் நடுவுல வயர் ஹேர்பின் மாதிரி மடங்கிக் கெடக்கு. எடுத்து நீவி விட்டேன், கொஞ்ச நேரத்துல செவப்பு போயி பச்சை வந்துடுச்சு. வயர் முனைல பாக்ஸ்ல சொருகற பச்சைத் தலை லூஸா இருந்தா டக்குனு சத்தம் வர வரைக்கும் உள்ள தள்ளுங்க, கழட்டுனா முனைய தொடாதீங்க, அதுக்குள்ள கண்ண வச்சும் பாக்காதீங்க, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது ஆனா கெடுதல் பண்ணும்.

பிஓஎன் பச்சை நிலையா எரியுது, எல்ஓஎஸ் அணைஞ்சிருக்கு, ஆனா நெட் இல்லன்னா ரீசார்ஜ் முடிஞ்சிடுச்சான்னு பாருங்க, பாதி நேரம் அதான். இல்லன்னா சுவிட்ச ஆஃப் பண்ணி 30 செகண்ட் விட்டு போடுங்க. வாட்ஸப் வருது, ஆனா சில சைட் மட்டும் தெறக்கலன்னா டிஎன்எஸ்ஸ (சைட் பேர வச்சு அதோட நம்பர தேடித் தர்றது) 8.8.8.8 இல்ல 1.1.1.1னு மாத்திப் பாருங்க. பாக்ஸ் தானா ஆஃப் ஆகி ஆகி வருதுன்னா அடாப்டர் மேல சந்தேகப்படுங்க, புதுசு வாங்கறப்ப பழசு மேல போட்டிருக்கற வோல்ட், ஆம்பியர் ரெண்டையும் பாத்து வாங்குங்க.

ஸ்லோன்னா கத வேற. ஒரு லேன் வயர லேப்டாப்ல நேரா சொருகி ஸ்பீட் டெஸ்ட் போடுங்க. அதுல முழுசா வந்து ஃபோன்ல மட்டும் வரலன்னா லைன்ல கோளாறு இல்ல, வைஃபைலதான். பாக்ஸ டிவி பின்னாடியும் பீரோக்குள்ளயும் வைக்காம வீட்டு நடுவுல, கொஞ்சம் உயரத்துல வைங்க. வைஃபைல ரெண்டு அலைவரிசை உண்டு, பக்கத்து ரூம்னா 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ரெண்டு சுவர் தாண்டணும்னா 2.4 தான் போகும். அபார்ட்மென்ட்ல எல்லார் வீட்டு 2.4ம் மோதிக்கும், சேனல (அந்த அலைவரிசைக்குள்ள இருக்கற பாதை) 1, 6, 11ல எது காலியோ அதுக்கு மாத்துங்க. 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் லேன்ல 95 தாண்டலன்னா வயருக்குள்ள இருக்கற 8 கம்பில ஒண்ணு அறுந்திருக்கும், இல்ல போர்ட்டே 100க்கு மேல போகாத பழசா இருக்கும்.

கம்ப்ளைன்ட் சொல்றப்ப "நெட் வரல"ன்னு மட்டும் சொல்லாதீங்க, "எல்ஓஎஸ் செவப்பு, காலைல 9 மணிலேருந்து, பேட்ச் கார்டு பாத்துட்டேன்"னு சொல்லுங்க, கம்ப்ளைன்ட் நம்பரையும் எழுதி வச்சுக்கங்க. லைன்மேன் வந்தா மீட்டர்ல ஃபைபர்ல வர்ற ஒளியோட பவர் எவ்ளோ டிபிஎம்னு (dBm) கேளுங்க. மைனஸ் 20 பக்கம்னா நல்லது. மைனஸ் 27 கிட்ட இருந்தா இன்னிக்கு வந்தாலும் நாளைக்கே போகும், அவர் இருக்கறப்பவே ஜாயின்ட்ட மாத்தித் தரச் சொல்லுங்க.