தளர்ந்த சீருடை

கிளிநொச்சியில் பத்தாம் ஆண்டு படித்தபோது, சாமத்தியச் சடங்கொன்றில் மாமி ஒருவர் "பிள்ளை நல்லாய்க் கொழுத்துப்போனாய்" என்று சொன்ன அன்றிலிருந்து, காலைப் புட்டை நாய்க்கு வைத்துவிட்டு வெறும் தேநீருடன் பாடசாலைக்குப் போனேன். தளர்ந்த சீருடையை ஊசி குத்தி இறுக்கியது, வெட்கத்துடன் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகவே இருந்தது. மூன்று மாதம் மாதவிடாய் வராமற்போய், காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பின்னரே அம்மாவுக்கு விடயம் தெரிந்தது.

உலக சுகாதார அமைப்பு 2007இல் 5 முதல் 19 வயதினருக்காக வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில், வைத்தியர் என் பழைய எடையை உயரத்துடன் சேர்த்துக் கணக்கிட்டுக் குறித்துக் காட்டினார்; அது சரியான எல்லைக்குள்ளேயே இருந்தது. பூப்புக் காலத்தில் இடுப்பில் கொழுப்புச் சேர்வது இயல்பென்றும், உணவு போதாதபோது மூளை சூலகங்களுக்கு அனுப்பும் சமிக்ஞை குறைந்து மாதவிடாய் நின்றுவிடுமென்றும் விளக்கினார்.

அம்மா தினமும் எதிரே அமர்ந்து குரக்கன் புட்டும் முருங்கையிலை வறையும் உண்ணவைத்தார். மாமியிடமும் நேரிலேயே பேசினார், அதுதான் கடினமான வேலை. அப்படி உண்ணத் தொடங்கிய நான்காம் மாதம் மாதவிடாய் திரும்பியது. சீருடையில் குத்தியிருந்த ஊசிகளையும் கழற்றிவிட்டோம்.