ஜூடோவில் கறுப்பு, ஜியு-ஜிட்சுவில் எந்த பெல்ட்? அனுபவசாலிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூடோவில் பல வருடம் புரண்டவர், மல்யுத்தத்தில் பதக்கம் வாங்கியவர், எம்எம்ஏ எனும் கலப்புத் தற்காப்புக் கலையின் கூண்டுக்குள் இறங்கியவர் என யார் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு பள்ளிக்கு வந்தாலும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "எனக்கு எந்த பெல்ட்?" வெள்ளைதான். இதில் பேரம் கிடையாது. ஆனால் அந்த வெள்ளை எத்தனை நாள் இடுப்பில் இருக்கும் என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும்.

பெரியவர்களுக்கான வரிசை வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு. ஐபிஜேஜேஎஃப் என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் கணக்குப்படி நீலத்தில் குறைந்தது 2 வருடம், ஊதாவில் ஒன்றரை வருடம், பழுப்பில் 1 வருடம் இருக்க வேண்டும். வெள்ளைக்கு மட்டும் இப்படிக் காலவரையறை எதுவும் இல்லை. பழைய அனுபவம் நேரடியாகப் பலன் தருவது இங்கேதான். கைதேர்ந்த ஜூடோக்காரரைச் சில மாதங்களிலேயே நீலத்துக்கு ஏற்றிவிடும் பயிற்சியாளர்கள் உண்டு. அதற்கு மேல் போக, காலண்டரையும் பார்க்க வேண்டும்.

பெல்ட்டுக்கு எல்லோருக்கும் பொதுவான தேர்வு எதுவும் இல்லை, கொடுப்பது பயிற்சியாளர். அதனால்தான் டிராவிஸ் ஸ்டீவன்ஸ் மாதிரியான கதைகள் உலவுகின்றன. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜூடோவில் வெள்ளி வென்ற அமெரிக்கர் இவர். அதற்கு முன்பே ஜியு-ஜிட்சு பயிற்சியாளர் ஜான் டனஹரிடம் சுமார் ஒன்றரை வருடத்தில் கறுப்பு பெல்ட் வாங்கிவிட்டார். இதைக் கேட்டதும் "அப்போ எனக்கு இரண்டு வருடம் போதும்" என்று கணக்குப் போடுவது முதல் தவறு. ஸ்டீவன்ஸ் ஒலிம்பிக் தரத்து வீரர், அதிலும் ஜூடோவுக்குள்ளேயே தரைச்சண்டைக்குப் பெயர் போனவர். அவரை அளவுகோலாக வைத்தால் நீங்கள் மனம் நொந்து பாதியில் நின்றுவிடுவீர்கள்.

இதே ரகத்தில் இன்னொரு வாதம்: "மல்யுத்தம் தெரிந்தால் போதும், ஏடிசிசியைப் பாருங்கள்." ஏடிசிசி என்பது பிடிச்சண்டைக்கான சர்வதேசப் போட்டி. உண்மைதான், மல்யுத்தத்திலிருந்து வந்த மார்க் கெர் 1999-லும் 2000-லும் அங்கே பட்டம் வென்றார். 2019-ல் நிக்கி ரோட்ரிகஸ் ஜியு-ஜிட்சுவில் இரண்டு வருடம்கூட முடிக்காமல் 99 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் வெள்ளி எடுத்தார். ஆனால் ஏடிசிசியின் விதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே கி எனும் அங்கி கிடையாது. ஆட்டத்தின் முதல் பகுதியில் புள்ளியே இல்லை. புள்ளி எண்ணத் தொடங்கிய பிறகு தானாகத் தரையில் உட்கார்ந்து கார்டுக்கு (அடியில் இருந்தபடி கால்களால் எதிராளியைத் தடுக்கும் நிலைக்கு) போனால் அபராதப் புள்ளி. மல்யுத்தக்காரருக்கு இதைவிடச் சாதகமான மேடை எது?

ஐபிஜேஜேஎஃப்பின் கி போட்டியில் நிலைமை தலைகீழ். எதிராளி உங்கள் காலரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிடுவார். அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை, எதிராளியைத் தரையில் வீழ்த்தும் உங்கள் டேக்டவுனுக்கு வேலையும் இல்லை. அப்படியே தூக்கிப் போட்டாலும் 2 புள்ளிதான், அதுவும் 3 விநாடி அடக்கிவைத்தால். கார்டைத் தாண்டினால் 3, மேலே ஏறி உட்காரும் மவுண்ட்டுக்கும் முதுகைப் பிடிப்பதற்கும் தலா 4. அழகான வீச்சு ஒன்று ஆட்டத்தையே முடித்துவிடும் என்ற ஜூடோ எதிர்பார்ப்போடு வருபவர், போட்டுவிட்டு அரை விநாடி மூச்சு வாங்குவார். அதற்குள் அடியில் கிடந்தவர் கால்களால் அவர் இடுப்பைப் பூட்டியிருப்பார். ஒரு சின்ன விஷயம்: எதிராளி உட்காரும்போது உங்கள் கை ஏற்கெனவே அவருடைய கால்சட்டையைப் பிடித்திருந்து, தரையில் நிலைப்படுத்தியும் விட்டால் அந்த 2 புள்ளி உங்களுக்கு வரும். இது தெரியாமல் புள்ளியை விட்டுவிடும் ஜூடோக்காரர்கள் நிறைய.

பயிற்சி அறையில் நடக்கும் தவறுகள் இன்னும் சுவாரஸ்யமானவை. மல்யுத்தக்காரரின் டபுள் லெக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்து பாய்கிறார், இரண்டு தொடைகளையும் அணைக்கிறார், தலை எதிராளியின் விலாவுக்கு வெளியே ஒட்டி நிற்கிறது. மல்யுத்தத்தில் இது பத்திரமான இடம். இங்கே அந்தத் தலை, ஆள் விழுவதற்கு முன்பே அவருடைய அக்குளுக்குள் போய்விடும். ஒரு கை தாடைக்கு அடியில் நுழைந்து மறு கையோடு கோத்துக்கொள்ளும். நீங்கள் வெற்றிகரமாகத் தள்ளி மேலே விழுவீர்கள். அவர் கால்களைப் பூட்டி இடுப்பை முன்னே தள்ளுவார். கில்லட்டின் எனும் கழுத்து நெரிப்பு. டேக்டவுன் உங்களுடையது, தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டும் டேப் அடிப்பதும் நீங்கள்தான். பாய்வதை விட வேண்டியதில்லை. தலையை உயர்த்தி, முதுகை நிமிர்த்தி வைத்துக்கொள்ளவும், விழும்போது கழுத்து இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நகரவும் பழக வேண்டும்.

அப்புறம், முதுகு தரையில் படக்கூடாது என்ற பயம். மல்யுத்தத்தில் தோள்கள் பாயில் பதிந்தால் தோல்வி, அதனால் உடம்பு யோசிக்காமலே குப்புறத் திரும்பும். ஜூடோவிலும் குப்புறப் படுத்து ஆமை மாதிரி சுருண்டுகொண்டால் கொஞ்ச நேரத்தில் நடுவர் எழுப்பிவிடுவார். ஜியு-ஜிட்சுவில் யாரும் எழுப்ப மாட்டார்கள். இரண்டு குதிகாலும் உங்கள் தொடைக்குள் கொக்கி போடும், 4 புள்ளி போகும், அடுத்து கழுத்து. மல்லாந்து கிடந்து சண்டை போடுவதுதான் இந்தக் கலையின் பாதி. பழைய வீரர்கள் முதல் ஆறு மாதம் வேண்டுமென்றே கீழே இருந்து ரோல் செய்ய (பயிற்சிச் சண்டை போட) வேண்டும் என்பேன். தோற்கப் பிடிக்காதவர்களுக்கு இது கசக்கும்.

இதன் மறுபக்கம், மேலே இருக்கும்போது செய்யும் தவறு. இப்போதைய ஜூடோ விதிப்படி 20 விநாடி அமுக்கிப் பிடித்தால் இப்பான், ஆட்டம் முடிந்தது. இங்கே 20 விநாடி அமுக்கினால் 20 விநாடி போயிருக்கும், அவ்வளவுதான். கர்னாடக வாய்ப்பாட்டு தெரிந்தவர் நாதஸ்வரத்தைக் கையில் எடுத்த மாதிரி: ராகம் தெரியும், சீவாளி பழகவில்லை. அமுக்கும் பாரம் அப்படியே உதவும், ஆனால் அதிலிருந்து மவுண்ட்டுக்கோ பிடிக்கோ நகரும் வழிகளைப் புதிதாகக் கற்க வேண்டும்.

கார்டுக்குள் சிக்கினால் பாயில் கையூன்றாதீர்கள், எதிராளியின் மார்பை நீட்டிய கையால் தள்ளாதீர்கள். முதலாவது தோளை முறுக்கும் கிமுராவுக்கு அழைப்பு, இரண்டாவது முழங்கையை நீட்டி வளைக்கும் ஆர்ம்பாருக்கு. நம் ஊர் ரசிகர்களுக்கு நினைவிருக்கும்: 2021 டிசம்பரில் ஒன் சாம்பியன்ஷிப் அமைப்பின் கிராண்ட் ப்ரீ இறுதிப் போட்டியில் ரிது போகட்டுக்கு நடந்தது இந்த வகைதான். மல்யுத்தக் குடும்பத்துப் பெண், எதிரில் முய் தாய் வீராங்கனை ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ். தரைக்குக் கொண்டுபோனது ரிது. இரண்டாவது சுற்றில் தரையிலேயே ஆர்ம்பார் போட்டு முடித்தது ஸ்டாம்ப். அது எம்எம்ஏ என்றாலும் பாடம் இங்கேயும் செல்லும்.

குத்துச்சண்டை, முய் தாய்க்காரர்கள் கொண்டுவருவது நுரையீரலும் நிதானமும்தான். பிடிகளில் அவர்கள் எல்லோரையும் போலப் புதியவர்களே. 1993-ல் முதல் யுஎஃப்சி எம்எம்ஏ போட்டியில் ஒரே ஒரு கையுறையோடு வந்த குத்துச்சண்டைக்காரர் ஆர்ட் ஜிம்மர்சன், ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி மேலே ஏறி உட்கார்ந்ததும் எந்தப் பிடியும் விழாமலே டேப் அடித்தார். அடியில் மாட்டினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உதறுவதை முதலில் நிறுத்த வேண்டும்.

ரஷ்ய மல்யுத்தக் கலையான சம்போவிலிருந்து வருபவர்கள் காலைப் பிடிப்பதில் கில்லாடிகள், ஆனால் விளையாட்டு சம்போவில் கழுத்து நெரிப்பு இல்லாததால் கழுத்துக்குக் காவல் குறைவு. தவிர, ஐபிஜேஜேஎஃப்பில் முழங்காலை வளைக்கும் நீபாரும் பாதத்தைத் திருகும் டோ ஹோல்டும் பழுப்பிலிருந்துதான். கி போட்டியில் குதிகாலைத் திருகும் ஹீல் ஹூக் எந்த பெல்ட்டுக்கும் கிடையாது. கால்களைக் கத்தரித்து வீழ்த்தும் கானி பசாமியும், தூக்கித் தரையில் அறைவதும் எல்லோருக்கும் தடை. கைப்பழக்கத்தில் ஒன்றைச் செய்துவிட்டுத் தகுதிநீக்கம் ஆகாதீர்கள்.

கடைசியாக, எந்தப் பிரிவில் பெயர் கொடுப்பது? ஜூடோ கறுப்பு பெல்ட்காரர்களையும் தொழில்முறை எம்எம்ஏ வீரர்களையும் வெள்ளை பெல்ட் பிரிவில் அனுமதிக்காத போட்டிகள் உண்டு. விதி இல்லாத உள்ளூர்ப் போட்டியிலும், மூன்று மாதம் பழகிய ஐடி ஊழியரைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டு வாங்கும் தங்கத்துக்கு மதிப்பு இல்லை. தகுதிக்குக் கீழான பிரிவில் ஆடும் சாண்ட்பேக்கர் என்ற பட்டம் வேண்டுமானால் ஒட்டிக்கொள்ளும். இதில் தவறு சில சமயம் பயிற்சியாளருடையது: பதக்கக் கணக்குக்காகத் தேறியவரையும் வெள்ளையிலேயே நிறுத்திவைப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால், நீலத்துக்கு என்ன குறைகிறது என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். பெல்ட்டுக்குப் பதில் அனுபவத்தை வைத்துப் பிரிக்கும் நோ-கி போட்டி என்றால், மல்யுத்தத்தில் கழித்த வருடங்களையும் சேர்த்துச் சொல்லி, ஆரம்பநிலைக்கு ஒரு படி மேலேயே பெயர் கொடுங்கள்.