ஒன்டாரியோவில் வேலையிடத்துப் பாகுபாடு: முதலில் தேதியை எழுதி வையுங்கள்

திங்கட்கிழமை காலையில் தருமபுரி கலெக்டர் ஆபீசுக்குப் போனால் குறைதீர்க்கும் நாள் கூட்டம் மனுவோடு வரிசையில் நிற்கும். பெரும்பாலான மனுக்கள் "ஐயா அவர்கள் கருணைகூர்ந்து" என்றுதான் முடியும். அப்பாவுக்காகப் பட்டா மனு எழுதிப் பழகிய கைதான் எனக்கும். கனடாவில் சில வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பிவிட்டேன். பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரைப் பக்கமிருந்து கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்குப் போன பிள்ளைகள் போன் செய்யும்போதெல்லாம், வேலையிடத்தில் பாகுபாடு நடந்தால் அங்கே புகார் செய்வது எப்படி என்று இதைத்தான் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த கிடங்கில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்கெல்லாம் பொறுப்பு உயர்ந்தது. கேட்டதற்கு, "நீ பேசுவது யாருக்கும் புரியாது, உங்கள் நாட்டு ஆட்களுக்கு பேக்கிங்தான் சரி" என்றார் சூப்பர்வைசர். வேலை போய்விடுமோ என்று விழுங்கிக்கொண்டேன். பதினாறு மாதம் கழித்து விசாரித்தால் புகார் செய்யும் காலக்கெடு தாண்டிவிட்டது. சூப்பர்வைசர் அப்படிப் பேசியது எந்தத் தேதியில் என்று எனக்கு ஞாபகமில்லை. அதைக் காதால் கேட்டவரும் வேலையை விட்டுப் போயிருந்தார்.

கெடு ஒரு வருடம். கடைசிச் சம்பவம் நடந்த நாளிலிருந்து அதற்குள் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் ஒன்டாரியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். கட்டணம் கிடையாது. கம்பெனி ஹெச்.ஆரிடமும் புகார் சொல்லுங்கள், ஆனால் மின்னஞ்சலில் சொல்லுங்கள். அவர்கள் விசாரித்துக்கொண்டே இருந்தாலும் இந்த ஒரு வருடம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எல்லோரிடமும் எரிந்து விழும் மேலாளர் மீது இந்தப் புகார் நிற்காது. உங்கள் இனம், நிறம், பிறந்த நாடு, மதம், பால், வயது, உடல் குறைபாடு, குடும்பநிலை போன்று ஒன்டாரியோ மனித உரிமைச் சட்டம் சொல்லும் காரணம் ஒன்றோடு அவர் நடத்தை தொடர்புபட வேண்டும். பேச்சில் இருக்கும் ஊர்வாடையைச் சொல்லி ஒதுக்குவதும் பிறந்த நாட்டோடு சேர்ந்ததுதான். சாதியையும் சொல்லியாக வேண்டும். "உங்க ஊர்ல எந்தத் தெரு?" என்று நம்மவரே விசாரித்துவிட்டு ஆளை ஒதுக்குவது அங்கேயும் நடக்கிறது. ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2023 அக்டோபரில் சாதிப் பாகுபாடும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று வெளிப்படையாக அறிவித்தது. வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. அதையும் எழுதுங்கள்.

சரி, எப்படி எழுதுவது? நம் ஊர் மனுவில் வறுமையைச் சொல்வோம், பிள்ளைகளைச் சொல்வோம், கும்பிடு போடுவோம். தீர்ப்பாயத்தின் படிவம் கேட்பது வேறு: என்ன நடந்தது, எப்போது, எங்கே, யார் செய்தார், யார் பார்த்தார், அதனால் உங்களுக்கு என்ன ஆனது. "என்னை அவமானப்படுத்தினார்" என்பது போதாது. வாயிலிருந்து வந்த சொல்லை அப்படியே எழுத வேண்டும். ஆகவே சம்பவம் நடந்த அன்று ராத்திரியே, தமிழிலாவது, நோட்டில் எழுதி வையுங்கள். ஷிப்ட் அட்டவணை, சம்பளச் சீட்டு, குறுஞ்செய்தி எல்லாவற்றையும் உங்கள் சொந்த போனில் வைத்திருங்கள். கம்பெனிக் கணக்கில் மட்டும் இருந்தால் வேலையை விட்டு நிறுத்திய அன்றே அது கைவிட்டுப் போகும்.

கிருஷ்ணகிரிப் பக்கத்து டிரைவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மாகாண எல்லை தாண்டி லாரி ஓட்டும் கம்பெனி மத்திய அரசின் சட்டத்துக்குள் வரும். வங்கி, விமானம், தொலைத்தொடர்பும் அப்படித்தான். அங்கே வேலை பார்ப்பவர்கள் போக வேண்டியது கனடிய மனித உரிமை ஆணையத்துக்கு. அங்கேயும் பன்னிரண்டு மாதம்தான். மாகாணச் சட்டத்துக்குள் வரும் மற்ற வேலைகளில், சம்பள பாக்கி மட்டும் என்றால் அது ஒன்டாரியோ தொழிலாளர் அமைச்சகத்தின் வேலை.

விசாவை நினைத்துப் பயப்படுகிறீர்கள், புரிகிறது. தற்காலிக வேலை பெர்மிட்டில் இருப்பவரும் புகார் செய்யலாம். புகார் செய்ததற்காகப் பழிவாங்கினால் அதுவே தனிக் குற்றச்சாட்டு. ஒரே முதலாளியோடு கட்டிய பெர்மிட்டில் இருந்துகொண்டு கொடுமைக்கு ஆளானால், வேறு இடத்தில் வேலை பார்க்கத் திறந்த பெர்மிட் கேட்கும் வழி 2019 ஜூனிலிருந்து இருக்கிறது.

ஒன்டாரியோ மனித உரிமைச் சட்ட உதவி மையம் இலவசமாக ஆலோசனை தருகிறது. படிவத்தில் கைவைக்கும் முன்பே அவர்களிடம் பேசுங்கள். அப்புறம், விசாரணைக்கு முன் சமரசப் பேச்சு வரும், கம்பெனி ஒரு தொகையைச் சொல்லும். அந்தச் சமரச ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் வழக்கு அதோடு முடிந்துவிடும். அன்றைக்கே போடச் சொன்னாலும், படித்துப் பார்க்க அவகாசம் கேளுங்கள்.