உணர்வைச் சொல்லாதீர்கள், வேலையைக் கொடுங்கள்: வெளிப்புறப் படங்களில் முகபாவம்

கேமராவைக் கையாளத் தெரிந்தும் தாம் எடுக்கும் முகங்கள் மட்டும் விறைப்பாகவே அமைகின்றன என்று வருந்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ போன்றவற்றை இங்கே விளக்கப்போவதில்லை. களமாக மாமல்லபுரம் கடற்கரையை எடுத்துக்கொள்வோம்.

1. கண் கூசாத இடம்

கூசும் கண்ணில் எந்த உணர்வும் தங்காது. இது கிழக்குக் கடற்கரை என்பதால், காலையில் கடலைப் பார்த்து நிற்பவர் சூரியனை நேருக்கு நேர் பார்க்க நேரிடும். மாலையிலோ சூரியன் அவருக்கு முதுகுப்புறம் சென்று கூந்தலின் ஓரத்தை ஒளிரச் செய்ய, முகத்துக்குக் கிழக்கு வானத்தின் மென்மையான வெளிச்சம் கிடைக்கும். காலையில்தான் எடுத்தாக வேண்டுமெனில், அவரைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லி, மூன்று எண்ணியதும் திறக்கச் சொல்லுங்கள். திறந்த நொடியிலேயே எடுத்துவிடுங்கள். வெளிச்சத்தை முகத்தின் மீது திருப்பும் தட்டான ரிஃப்ளெக்டரில் வெள்ளைப் பக்கமே போதும், வெள்ளிப் பக்கம் மீண்டும் கூச வைக்கும்.

2. பேசும் தொலைவு

முழுச்சட்டகக் கேமராவில் (35 மி.மீ. பிலிம் அளவுக்குச் சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் வகை) 85 மி.மீ. லென்ஸையே பரிந்துரைப்பேன். 135 மி.மீ. பின்னணியை இன்னும் அழகாகக் கரைக்கும் என்றாலும், முகம் அதே அளவில் அமைய இன்னும் தள்ளி நிற்க வேண்டும், அங்கிருந்து அலையோசைக்கு மேல் கத்த வேண்டியிருக்கும். கத்திச் சொன்ன குறிப்புக்கு மென்மையான முகம் கிடைப்பதில்லை.

3. உணர்வின் பெயரைச் சொல்லாமல் இயக்குவது

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். வாயோரத்தை உயர்த்தும் தசை நம் விருப்பத்துக்கு இயங்கும், கண்ணைச் சுற்றிய தசையோ உண்மையான மகிழ்ச்சிக்கே இயங்கும் என்று பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் டுஷேன் 1862-இல் எழுதினார். கண் தசையையும் வேண்டுமென்றே இயக்கக்கூடியவர்கள் உண்டு என்று பிற்கால ஆய்வுகள் காட்டினாலும், கேமராவுக்குப் பழகாதவரிடம் "சிரியுங்கள்" என்றால் வாய் மட்டுமே கீழ்ப்படியும்.

ஆகவே கேள்வி கேளுங்கள். "பள்ளியில் உங்களுக்கு வைத்த பட்டப்பெயர் என்ன?" என்று கேட்டுவிட்டு, நீங்கள் வாய்மூடிக் காத்திருக்க வேண்டும். சிரிப்பின் உச்சத்தில் வாய் அகன்று கண் மூடிவிடும் என்பதால், அது அடங்கிக் கண்ணில் மட்டும் மிச்சமிருக்கும் கணத்துக்காக ஷட்டரிலிருந்து விரலை எடுக்காதீர்கள். சிந்தனை வயப்பட்ட முகம் வேண்டுமானால், தொடுவானத்தில் தெரியும் படகுகளை எண்ணச் சொல்லி, மூச்சை மெதுவாக வெளியேற்றச் சொல்லுங்கள், தாடை தானாகத் தளரும். உறுதியான தோற்றத்துக்கு அவரை உங்களை நோக்கி நடந்து வரச் செய்வதே சிறந்தது. ஒவ்வொரு படத்துக்கும் பின்திரையைப் பார்த்துப் புருவம் சுளிக்காதீர்கள், அதைத் தம் குறையாகவே அவர் எடுத்துக்கொள்வார்.

உடன் வந்த உறவினர்கள் பின்னால் நின்று "நல்லா சிரிம்மா" என்று உதவத் தொடங்கினால், அவர்களைச் சுண்டல் வாங்க அனுப்பிவிடுவது நல்லது.

பின்சேர்க்கை

ஒலியற்ற ஷட்டரில் முகம் உறைந்துபோகிறது என்று சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். படம் எடுத்தாயிற்றா என்பது தெரியாததால் மாடல் அதே நிலையைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஷட்டர் ஒலி கேட்டால் தளர்ந்து அடுத்ததற்கு மாறுவார். எனவே நான் ஒலியுள்ள ஷட்டரையே விரும்புகிறேன்.

காற்றில் கூந்தல் முகத்தை மறைப்பதாகச் சொன்னவர்களுக்கு: கடற்காற்று வீசும் மாலையில் முகத்தைக் கடலை நோக்கித் திருப்பினால் கூந்தல் பின்னோக்கிப் பறக்கும். பக்கவாட்டில் நிறுத்தியே ஆக வேண்டுமெனில், காற்று வரும் பக்கத்து முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கச் சொல்லுங்கள். என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கும் கைக்கும் அது ஒரு வேலையாகும்.